முதல் குழந்தை சிசேரியன், இரண்டாவது நார்மலாகப் பெற முடியுமா என்று கேட்டால் தேதி கேட்கிறார்கள்

மலரம்மா:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகிவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். வயது 29, இப்போது 30-வது வாரம். மூத்தவனுக்கு மூன்று வயது முடிந்து நான்கு மாதம் ஆகிறது. அவன் சிசேரியன். அது ஏன் சிசேரியன் ஆனது என்று எனக்கே இன்னும் முழுதாகத் தெரியாது. தேதி தாண்டி நாலு நாள் ஆகியும் வலி வரவில்லை, வந்து சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்கள். காலையில் மாத்திரை வைத்தார்கள், மத்தியானத்துக்கு மேல் வலி எடுத்தது, ராத்திரி பத்து மணி வரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். திடீரென்று நாலு பேர் ஓடி வந்தார்கள், "ஹார்ட் பீட் இறங்குது" என்று ஒரு குரல் கேட்டது, அடுத்த பத்து நிமிடத்தில் தியேட்டரில் இருந்தேன். வெளியே என் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். என்னிடம் அப்போதும் யாரும் பேசவில்லை, மறுநாள் ரவுண்ட்ஸ் வந்தபோதும் பேசவில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான், அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

இந்தத் தடவை வேறு ஆஸ்பத்திரி. வீட்டிலிருந்து பத்து நிமிடம், ஒரே ஒரு டாக்டரம்மா நடத்துவது. போன வாரம் தயங்கித் தயங்கி, நார்மலுக்கு முயற்சி செய்யலாமா என்று கேட்டேன். ஏறிட்டுப் பார்த்தார். "முதல் சிசேரியன்னா அடுத்ததும் சிசேரியன்தாம்மா, பழைய தையல் விட்டுடும், 38 முடிஞ்சதும் தேதி பாத்துட்டு வாங்க" என்றார், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். ஐந்து நிமிடம்கூட இல்லை. மாமியார் அன்று சாயங்காலமே ஜோசியரிடம் போய், நட்சத்திரம் பார்த்து, இரண்டு தேதி குறித்துக்கொண்டு வந்துவிட்டார். ஒன்று காலை 7.40-க்குள் ஆக வேண்டுமாம்.

என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவருக்கு முதல் சிசேரியன், இரண்டாவது நார்மல். அதனால்தான் எனக்கும் ஆசை வந்தது. இது வெறும் ஆசையா, நியாயமான ஆசையா என்று யாராவது சொல்லுங்கள். நீங்களெல்லாம் எப்படி முடிவெடுத்தீர்கள், டாக்டரிடம் என்ன கேட்டீர்கள்?

ரெட்டைச்சடை:

தோழி, குழந்தை நல்லபடியாக வந்தால் போதாதா? எதற்கு ரிஸ்க்? எனக்கு இரண்டும் சிசேரியன்தான். போனேன், படுத்தேன், ஒரு மணி நேரத்தில் பிள்ளை கையில். டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

இயற்கைவழி:

ஆஸ்பத்திரிக்குப் போனாலே கத்திதான் சகோதரி, எல்லாம் வியாபாரம். நம் பாட்டி பத்துப் பிள்ளையும் வீட்டிலேயே பெற்றாள். பிரசவம் நோய் இல்லை. நல்ல மருத்துவச்சி ஒருவர் கிடைத்தால் வீட்டிலேயே சுகமாக ஆகும், முந்தைய சிசேரியன் ஒரு தடையே இல்லை. விவரம் வேண்டுமானால் தனிச்செய்தியில் வாருங்கள்.

வார்டு சிஸ்டர்:

முதலில் மேலே எழுதியிருக்கும் தம்பிக்கு. உன் பாட்டி பத்துப் பெற்றாள் சரி, அதில் எத்தனை நின்றது என்று அவளிடம் கேட்டாயா? 2018-இல் திருப்பூரில் இப்படித்தான் வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்தார்கள், நஞ்சுக்கொடி வெளியே வராமல் ரத்தம் கொட்டி அந்தப் பெண் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு வயிற்றில் பழைய தையல்கூடக் கிடையாது. முந்தைய சிசேரியன் ஆனவளை வீட்டில் பெற்றுக்கொள்ளச் சொல்வது ஆலோசனையே இல்லை. தனிச்செய்திக்கு யாரும் போக வேண்டாம்.

இனி மலருக்கு. நான் அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டில் 33 வருடம் இருந்துவிட்டு வந்தவள். நான் டாக்டர் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன், முடிவை உன்னைத் தொட்டுப் பார்க்கிற டாக்டரோடு உட்கார்ந்து எடு.

உன் ஆசை நியாயமானதுதான் தாயி. முதல் சிசேரியன் ஆனால் அடுத்ததும் சிசேரியன்தான் என்பது ஒரு காலத்தில் இருந்த விதி. தகுதியான பெண்களுக்கு வலி எடுக்கவிட்டுப் பார்க்கிறார்கள், வார்டில் அதை டிரையல் என்போம். அப்படிப் பார்த்தால் நூற்றில் 70, 75 பேருக்கு நார்மலாகவே ஆகிவிடும். மீதிப் பேருக்குப் பாதியில் ஆபரேஷன் ஆகும். இந்த இரண்டாவது எண்ணைத்தான் யாரும் சொல்வதில்லை. நார்மல் வேண்டும் என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வந்து, பத்து மணி நேரம் வலி தின்று, கடைசியில் தியேட்டருக்குப் போகும்போது அந்தப் பெண்கள் அழுகிற அழுகை இருக்கிறதே. முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதி அழுகை இருந்திருக்காது.

தையல் விட்டுவிடும் என்று உங்கள் டாக்டர் சொன்னது பொய் இல்லை. ஆனால் எத்தனை பேருக்கு என்று சொல்லாமல் விட்டால் அது பயமுறுத்தல். கர்ப்பப்பையின் அடிப்பகுதியில் குறுக்காகக் கீறிய ஒரே ஒரு சிசேரியன் என்றால், தானாக வலி வந்து பிரசவத்துக்கு முயற்சி செய்பவர்களில் சுமார் 200 பேருக்கு ஒருவருக்குத் தழும்பு பிரிகிறது. நான் வார்டில் கல்யாண மண்டபத்தை வைத்துச் சொல்வேன். ஒரு பந்திக்கு 200 இலை, அதில் ஒரு இலை. குறைவுதான். ஆனால் அந்த ஒரு இலையில் நீ உட்கார்ந்தால், அங்கிருந்து தியேட்டர் எத்தனை நிமிடம் என்பதுதான் மிச்சக் கதை. தழும்பு பிரியும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது குழந்தையின் இதயத் துடிப்பு. அதனால்தான் வலி நேரம் முழுக்க வயிற்றில் பெல்ட் கட்டி மானிட்டர் ஓட வேண்டும் என்பது. பெல்ட் தொந்தரவாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே நார்மலா சிசேரியனா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கட்டடத்தில் யார் இருப்பார்கள்? மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருக்கிறாரா, போன் போட்டு முக்கால் மணி நேரத்தில் வருகிறவரா? ரத்தம் எங்கிருந்து வரும்? குழந்தை டாக்டர்? ஒரே டாக்டரம்மா நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியில் இது எதுவும் இருக்காது. அவர் முடியாது என்று சொன்னது ஒருவிதத்தில் நேர்மை. என்ன, "என் இடத்தில் முடியாது, பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்துக்கு அரை நிமிடம் போதும்.

இப்போது பீரோவைத் திற, பழைய ஃபைலை எடு. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏன் ஆபரேஷன், எந்தக் கீறல், அப்போது கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருந்தது என்று இருக்கும். வயிற்றில் வெளியே தெரிகிற தழும்பை வைத்து உள்ளே எப்படிக் கீறினார்கள் என்று சொல்ல முடியாது, பேப்பர்தான் சாட்சி. உள்ளே மேல்பகுதியில் நெடுக்காகக் கீறியிருந்தால் டிரையல் பேச்சே வேண்டாம், தேதி குறித்துக்கொள். பார்த்துவிட்டு எழுது.

மலரம்மா:

சிஸ்டரம்மா, உங்கள் பதிலை வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன், இலைக் கணக்கு அவருக்கு உடனே புரிந்துவிட்டது (சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர்).

ஃபைல் கிடைத்தது. எல்.எஸ்.சி.எஸ். என்று இருக்கிறது. காரணம் ஃபீடல் டிஸ்ட்ரெஸ். கர்ப்பப்பை வாய் 6 செ.மீ. குழந்தை எடை 2.9. மூன்று வருடமாக இந்தக் காகிதம் சேலைக்கு அடியில் கிடந்திருக்கிறது, இன்றைக்குத்தான் படிக்கிறேன். எனக்கு எதுவும் கோளாறு இல்லை என்பதுபோல ஒரு நிம்மதி வந்தது, அது சரிதானா தெரியவில்லை. என் இடுப்பு சின்னது, அதனால்தான் ஆகவில்லை என்று ஊரில் எல்லோரும் சொல்லி நானும் நம்பியிருந்தேன்.

இன்னொன்று. கையெழுத்து விஷயம் எனக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது. என் உடம்பு, நான் நினைவோடுதான் இருந்தேன். ஏன் என்னிடம் கேட்கவில்லை?

வார்டு சிஸ்டர்:

சரிதான். எல்.எஸ்.சி.எஸ். என்றால் அடிப்பகுதிக் குறுக்குக் கீறல். குழந்தையின் துடிப்பு குறைந்ததற்குச் செய்தது என்றால் அது அன்றைய பிரச்சினை, இந்தக் குழந்தைக்கும் வந்தே தீரும் என்று இல்லை. குழந்தை இறங்கவே இல்லை, பாதை போதவில்லை என்று எழுதியிருந்தால் வெற்றி வாய்ப்பு கொஞ்சம் குறையும், அப்போதும் அடியோடு இல்லை என்று இல்லை. உன் இடுப்பைப் பற்றி ஊர் சொன்னதை ஊருக்கே திருப்பிக் கொடு. இடைவெளியும் நன்றாக இருக்கிறது. முதல் பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒன்றரை வருடம்கூட இல்லாமல் வருகிறவர்களைத்தான் நாங்கள் பயத்தோடு பார்ப்போம்.

நதிக்கரை:

நான் அந்த மிச்சம் 25, 30 பேரில் ஒருத்தி, அதனால் எழுதலாம் என்று வந்தேன்.

முதல் சிசேரியன் குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்திருந்ததற்காக. இரண்டாவதற்குத் திருச்சியில் ஒரு டாக்டரைத் தேடிப் போனேன். 34-வது வாரத்தில் என்னையும் என் வீட்டுக்காரரையும் சேர்த்து உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசினார். அவர் கேட்ட முதல் கேள்வியே "நார்மல் ஏன் வேண்டும்?" என்பதுதான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்தால், முதல் தடவை தையலோடு இரண்டு மாதம் நிமிர முடியாமல் கிடந்தது ஒரு காரணம், நாத்தனார் எல்லோருக்கும் நார்மல், எனக்கு மட்டும் இல்லை என்பது இன்னொரு காரணம். இரண்டாவதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "முதல் காரணத்துக்காக முயற்சி செய்யலாம், இரண்டாவது காரணத்துக்காக உங்கள் உடம்பைப் பணயம் வைக்காதீர்கள்" என்றார்.

அப்புறம் அவர் கேட்ட இன்னொன்றுதான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று இப்போதே பேசி வைப்போம் என்றார். வலி வராமலே எவ்வளவு நாள் காத்திருப்பது, வந்த பிறகு வாய் திறப்பது நின்றுபோனால் எவ்வளவு நேரம் பார்ப்பது, மானிட்டரில் மாற்றம் வந்தால் பேச்சே கிடையாது, நேராகத் தியேட்டர். எல்லாம் ஃபைலில் எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு 7 செ.மீ.-இல் நாலு மணி நேரம் நின்றுவிட்டது. அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து "நாம் பேசி வைத்த இடம் வந்துவிட்டது" என்றார். தலையாட்டினேன். அதே ஆபரேஷன், அதே தையல், ஆனால் முதல் தடவைபோல யாரோ என்னை இழுத்துக்கொண்டு போனதாகத் தோன்றவில்லை. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வலிபட்ட பிறகு நடக்கும் ஆபரேஷனில் எனக்குக் காய்ச்சலும் தையலில் சீழும் வந்தது, பத்து நாள் அவஸ்தை. தேதி குறித்துச் செய்வதைவிட, முயற்சி செய்து பாதியில் மாறுவதில்தான் இந்தத் தொல்லைகள் அதிகம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

சுகப்பிரசவம் என்ற வார்த்தையைப் பற்றி ஒன்று. அது ஆகாதவளுக்கெல்லாம் நாம் மறைமுகமாக என்ன பெயர் வைக்கிறோம்? என் வளைகாப்பில் கிழவிகள் முதல் சித்திகள் வரை அத்தனை பேரும் "சுகப்பிரசவம் ஆகணும்" என்றுதான் நலங்கு வைத்தார்கள். நான் சிசேரியனோடு வீடு திரும்பியபோது ஏதோ பரீட்சையில் தோற்ற மாதிரி முகத்தைப் பார்த்தார்கள்.

பாரதி நகர்:

நான் எதிர்ப்பக்கம். எனக்கும் டிரையல் செய்யலாம், தகுதி இருக்கிறது என்றார்கள், நான் வேண்டாம் என்றேன். ரெட்டைச்சடை தோழி சொன்னதுபோல டாக்டர் சொன்னதால் இல்லை, எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டபின் நானே சொன்னது. வீட்டுக்காரர் கத்தாரில், பதினைந்து நாள்தான் லீவு, எந்தத் தேதி என்று தெரிந்தால்தான் டிக்கெட். வலி எப்போது வரும் என்று தெரியாமல் மூத்தவளையும் வைத்துக்கொண்டு தனியாக இருக்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டோடு போதும் என்பதும் முடிவாகியிருந்தது, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனையும் சேர்த்தே செய்துகொண்டேன்.

என் டாக்டர் அழுத்திக் கேட்டது அதைத்தான், மூன்றாவது வேண்டுமா என்று. சிசேரியன் எண்ணிக்கை கூடக் கூட, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு கீழே வந்து பழைய தழும்பில் வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து கூடுமாம். நஞ்சு கர்ப்பப்பை வாயை மறைத்து உட்கார்ந்திருந்தால், இரண்டாவது சிசேரியனில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்கு அப்படி ஒட்டியிருக்கும், மூன்றாவதில் 40 பேருக்கு. கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். எனவே பெரிய குடும்பம் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டாவதை நார்மலாகப் பெற முயல்வதில் லாபம் அதிகம், இரண்டோடு நிறுத்துகிறவளுக்கு அந்த லாபம் அவ்வளவு இல்லை என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மலர், உங்கள் பதில் என்னுடையதாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு திருத்தம் மட்டும் செய்துகொள்ளுங்கள். 38 முடிந்ததும் என்கிறார்களே, வேறு பிரச்சினை இல்லாவிட்டால் 39 முடியட்டும் என்று கேளுங்கள். முன்னாலேயே எடுத்தால் சில குழந்தைகளுக்கு மூச்சு சீராகாமல் ஐ.சி.யூ.-வில் வைக்க வேண்டி வருகிறது. என் தங்கைக்கு 37-லேயே நட்சத்திரத்துக்காக எடுத்தார்கள், குழந்தை ஐந்து நாள் கண்ணாடிப் பெட்டியில். ஜோசியர் குறித்த நல்ல நேரத்தில் பிறந்தது, யாரும் தொட முடியவில்லை.

கோர்ட்டு வாசல்:

கையெழுத்துக் கேள்விக்கு மட்டும் நான். ஆண் இங்கே எழுதலாமா தெரியவில்லை, மனைவி படிப்பதை எட்டிப் பார்த்தவன், வக்கீல்.

2008-இல் உச்ச நீதிமன்றத்தில் சமீரா கோலி வழக்கு என்று ஒன்று. 44 வயதுப் பெண், உள்ளே கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு மயக்கம் கொடுத்திருந்தபோது, வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அவர் வயது வந்தவர், அவசர ஆபத்தும் இல்லை, அதனால் அம்மாவின் சம்மதம் செல்லாது என்று தீர்ப்பு. சிகிச்சை என்ன, மாற்று வழி என்ன, முக்கியமான ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை நோயாளியிடம் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நினைவோடு இருக்கும் பெண்ணின் பிரசவத்துக்குக் கணவர் கையெழுத்து சட்டப்படி மாற்று இல்லை, ஆஸ்பத்திரிகள் தங்கள் பாதுகாப்புக்காக வாங்குவது. உங்கள் விஷயத்தில் உயிர் அவசரம் இருந்தது, அதனால் வழக்கு என்றெல்லாம் யோசிக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை படிவத்தை முன்பே வாங்கிப் படித்து நீங்களே கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்ல முழு உரிமை உண்டு.

பிரிட்டனில் 2015-இல் மாண்ட்கோமரி தீர்ப்பு. சர்க்கரை நோய் இருந்த, குள்ளமான தாய். குழந்தையின் தோள் சிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 9, 10 என்று டாக்டருக்குத் தெரியும், சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள் என்பது அவர் வாதம். தோள் சிக்கியது, குழந்தைக்கு மூளை பாதிப்பு. அந்தத் தாய்க்கு முக்கியமாகப் படக்கூடிய ஆபத்தை, அவள் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும் என்றது நீதிமன்றம். பாருங்கள், அங்கே சிசேரியன் என்ற வழியைச் சொல்லாமல் விட்டார்கள், இங்கே நார்மல் என்ற வழியைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

டியூட்டி டாக்டர்:

அரசு மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மேற்படிப்பு படிக்கிறேன். நைட் டியூட்டி முடிந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் பிரசவம் சிசேரியன், தனியாரில் 63.8, அரசில் 36. நாடு முழுக்கப் பார்த்தால் 21.5 தான். இதைப் பார்த்துவிட்டு எல்லாம் காசுக்காக என்று சொல்வது சுலபம். காசும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஓ.பி.-யில் ஒரு காலைக்கு 80 பேர் நிற்கும்போது முக்கால் மணி நேரப் பேச்சு எங்கே? டிரையலில் நூறு நல்லபடியாக முடிந்தால் யாருக்கும் தெரியாது, ஒன்று தவறினால் கண்ணாடி உடையும், சட்டையைப் பிடிப்பார்கள். சிசேரியன் செய்து பிரச்சினை வந்தால் "டாக்டர் எல்லா முயற்சியும் செய்தார்", செய்யாமல் வந்தால் "ஏன் செய்யவில்லை". முதல் சிசேரியனைத் தேவையில்லாமல் செய்துவிட்டால் அதற்கான விலையை இரண்டாவது பிரசவத்தில் கொடுக்கிறோம் என்பதும் எங்களுக்குத் தெரியும். முன்பே சிசேரியன் ஆனவர்கள் ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டே போகிறார்கள்.

மலர் மேடம், சிஸ்டர் சொன்னவற்றோடு சிலது சேர்க்கிறேன். உங்களுக்கு வலியை மாத்திரை, ஜெல் வைத்து வரவழைக்கக் கூடாது. மிசோபிரோஸ்டால் மாத்திரை பழைய தழும்பு உள்ளவர்களுக்கு ஆகாது. வலி வரவழைத்தால் தழும்பு பிரியும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூடும். தானாக வந்தால் டிரையல், வராவிட்டால் எத்தனை நாள் பார்ப்பது என்பதை இப்போதே பேசிவிடுங்கள். குழந்தையைப் பற்றியும் எண் கேளுங்கள், பெரும்பாலும் அம்மாவுக்கான ஆபத்தை மட்டும்தான் சொல்வார்கள். டிரையலில் பிரசவத்தை ஒட்டிக் குழந்தை இறப்பது 10,000-க்குச் சுமார் 4, தேதி குறித்த சிசேரியனில் 10,000-க்கு 1. நாலு மடங்கு என்று சொன்னால் பயம் வரும். முதல் முறை வலி எடுத்துப் பெறும் எந்தப் பெண்ணுக்கும் இருக்கும் அளவுதான் அந்த 4 என்று சொன்னால் வேறு மாதிரி தெரியும். இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எபிடியூரல் (வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசி) போட்டால் தழும்பு பிரிவது தெரியாமல் போய்விடும் என்று பழைய பயம் ஒன்று உண்டு, அதற்காக மறுக்க வேண்டியதில்லை. ஸ்கேனில் தழும்பு இத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து அதை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் வேண்டாம், இந்த அளவுக்கு மேல் பத்திரம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கோடு கிடையாது. கொடி சுற்றியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தால் அது மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது, நிறைய குழந்தைகள் கொடி சுற்றித்தான் பிறக்கின்றன.

இயற்கைவழி:

டாக்டர்கள் டாக்டர்களைத்தான் காப்பாற்றுவார்கள்.

வார்டு சிஸ்டர்:

நீ இன்னும் இங்கேதான் இருக்கிறாயா தம்பி.

மலரம்மா:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். திண்டுக்கல்லில் இருபத்துநாலு மணி நேரமும் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்த வங்கி எல்லாம் உள்ள இடத்துக்குப் போனோம். பழைய ஃபைல், இங்கே எழுதியவை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து எடுத்துக்கொண்டு போனேன். அந்த டாக்டர் முதலில் நோட்டைப் பார்த்து முகம் சுளித்த மாதிரி இருந்தது, அப்புறம் ஃபைலைப் படித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். இருபது நிமிடம் இருக்கும். டிரையலுக்கு நான் பொருத்தம்தான், ஆனால் 36-இல் குழந்தை எடை, தலை இறங்குவது எல்லாம் பார்த்துவிட்டுத்தான் உறுதி என்றார். வலி தானாக வந்தால் ஆறு நிமிடத்துக்கு ஒன்று என்று காத்திருக்காமல் உடனே கிளம்பி வர வேண்டும், ஒரு மணி நேர வழி. 40 தாண்டி ஒரு வாரம் வரை பார்ப்பார்களாம், வராவிட்டால் சிசேரியன், மாத்திரை கிடையாது. 39-க்கு மேல் திண்டுக்கல்லில் சித்தி வீட்டில் தங்கிக்கொள்வதாக முடிவு.

நதிக்கரை அக்கா, "ஏன் நார்மல் வேண்டும்" என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தூக்கிக்கொண்டு போன அந்தப் பத்து நிமிடம்தான் காரணம் என்று தெரிந்தது, தையல்கூட இல்லை. அதை டாக்டரிடம் சொன்னேன். சிசேரியன் ஆனாலும் உள்ளே வரும்போது ஒவ்வொன்றையும் உங்களிடம் சொல்லச் சொல்கிறேன் என்றார். அதைக் கேட்டபிறகு நார்மல்தான் வேண்டும் என்ற பிடிவாதம் பாதி போய்விட்டது, ஆச்சரியமாக இருக்கிறது. முயற்சி செய்வதாகத்தான் இருக்கிறேன்.

மாமியார் ஜோசியர் குறித்த தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அழிக்கச் சொல்லவில்லை.

வார்டு சிஸ்டர்:

நல்லது. கடைசி ஸ்கேனில் நஞ்சு எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்? அதைச் சொல்லாமலே விட்டுவிட்டாய்.

மலரம்மா:

மேலே, பின்பக்கம் என்று இருக்கிறது சிஸ்டரம்மா.

வார்டு சிஸ்டர்:

அப்போது சரி. ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள், இரும்பு மாத்திரையை டீயோடு போடாதே. 36-இல் எழுது.